பெட்டி எங்க இருக்கப் போகுது, மனே?

வாசகர் கேள்வி – பதில்
ஸ்பீக்கர், ஹெட்போன், பழைய ரேடியோ, கசற் எல்லாவற்றுக்கும்
பதில் சொல்பவர்: கல்லடி ரேடியோக்காரன்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி, எந்தச் சாமானை வாங்குவது என்பதைப் பற்றியதே இல்லை. வாங்கக் கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள். கேட்டவர்கள் புதியவர்கள், கொடுத்தவர்கள் என்னைப் போன்ற நரைத்த கூட்டம். ஆகவே இந்த மாதம் எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் பதில்.

கேள்வி: எனக்கு 24 வயது. கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பத்து மாதமாகச் சேர்த்து 45,000 ரூபா வைத்திருக்கிறேன். வீட்டில் பாட்டுக் கேட்க நல்ல செற் ஒன்று வாங்க ஆசை. இதில் பழம் தின்று கொட்டை போட்ட அண்ணன்மார் நாலைந்து பேர் கூடும் இடத்துக்குப் போய்க் கேட்டேன். ஒருவர் "இந்தக் காசுக்கு நல்ல வயரே வராது தம்பி" என்று சிரித்தார். இன்னொருவர் ஒன்றரை இலட்சம் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார். மூன்றாமவர் இங்கிலாந்துப் பழைய பெட்டி தேடச் சொன்னார். பிறகு அவர்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான் கேட்டது பிழையா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தேத்தண்ணிக்கும் நீங்களா காசு கொடுத்தீர்கள்? அது மட்டும்தான் பிழை.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் எங்கள் வயதுக்காரர் எவரும் மறக்கமாட்டார்கள். எங்கள் வீட்டுக் கூரை போனது. தென்னை ஒன்று அடுப்படிக்கு மேல் விழுந்து கிடந்தது. அப்பாவின் ரேடியோ இரண்டு நாள் தண்ணீருக்குள். எனக்கு அப்போது 19 வயது. ஊர் கொஞ்சம் அடங்கியதும் ரேடியோவைச் சாரம் ஒன்றில் சுற்றிக்கொண்டு, பாலம் தாண்டி நகரத்துக்கு நடந்தேன். ரேடியோ திருத்துகிறவரின் கடையிலும் பாதிக் கூரைதான் மிச்சம். கறண்ட் இல்லை. மனிதர் ஈயம் பற்றவைக்கிற பழைய செம்பு இரும்பைச் சிரட்டைக் கரியில் வைத்துச் சூடாக்கி வேலை செய்துகொண்டிருந்தார்.

எவ்வளவு வரும் என்று நான் வாய் திறக்க முதலே அவர் கேட்டார்: "திருத்தித் தந்தா, பெட்டி எங்க இருக்கப் போகுது, மனே? கூரை போட்டாச்சா?" இல்லை என்றேன். "அப்ப இஞ்சயே கிடக்கட்டும். கூரையைப் போடுங்க, மறுகா வந்து எடுக்கலாம்." பிறகு அடுத்த கேள்வி: "ரேடியோவில என்ன கேப்பீங்க?" செய்தி, பாட்டு என்றேன். (1967 இலேயே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் வீட்டில் அது கடைசிவரை ரேடியோ சிலோன்தான்.) "அப்ப மீடியம் வேவ் போதும். அது உசிரோட கிடக்கு. சோட் வேவ் பக்கம் கொயில் போயிட்டு. அதுக்குக் காசைக் கொட்டாதீங்க."

சோட் வேவ் பற்றி அந்த மனிதருக்கு ஒரு மணி நேரம் கதைக்கத் தெரியும். கதைக்கவில்லை. ரேடியோ அதற்குப் பிறகு பதினொரு வருஷம் பாடியது.

இதையெல்லாம் கண்ணால் கண்ட நான் பிற்காலத்தில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மேசன் வேலை செய்கிற பொடியன் ஒருவன் என்னிடம் வந்தான். வேலை செய்யும் இடத்தில் பாட்டுக் கேட்க நல்ல பெட்டி எது ஐயா என்றான். நான் கதிரையைப் போட்டு உட்காரவைத்து, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதில் தொடங்கினேன். மூன்று டெசிபல் கூட்ட வேண்டுமென்றால் வாட்டை இரட்டிக்க வேண்டும், காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வேண்டும் என்று கடதாசியில் கீறிக் காட்டினேன். எல்லாம் சரியான கணக்கு. அவனும் தலையாட்டினான். "நன்றி ஐயா" என்று போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு கிழமை கழித்து ஆரையம்பதியில் கட்டி முடியாத வீடொன்றைக் கடக்கும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. சாரத்துக் கம்பில் ஒரு பால்மா ரின் கட்டித் தொங்குகிறது. ரின்னுக்குள் ஃபோன். ரின்னின் வாய் அவன் வேலை செய்யும் பக்கம் பார்த்தபடி. என்னைக் கண்டு கை காட்டிச் சிரித்தான். கிராமபோனுக்குப் புனல் வைத்தவனும் செய்தது இதைத்தான். அன்றைக்கு அவனுக்கு வேண்டியிருந்தது தூசிக்குத் தாங்குகிற, பற்றரியில் ஓடுகிற ஒரு சின்னப் பெட்டி. நாற்பது நிமிஷம் கதைத்த எனக்கு அது ஒரு தடவையும் வாயில் வரவில்லை, ஏனென்றால் எங்கே வைக்கப் போகிறாய் என்று நான் கேட்கவேயில்லை.

உங்களை அனுப்பிவைத்த அண்ணன்மாருக்கும் அதே வருத்தம்தான். அதிலும் "இன்னும் கொஞ்சம் போட்டால்" என்கிற வருத்தம் பொல்லாதது. 45 இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் போட்டால் 60க்கு நல்லது வரும். 60 வந்தால் 90. 90 வந்தால் ஒன்றரை இலட்சம். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முதல் வாங்கி அலுமாரியில் அடுக்கி வைத்தவன், இன்றைக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருகிற பிள்ளையிடம் "இன்னும் கொஞ்சம் போடு" என்பது, மேட்டு வயல்காரனுக்கு வாய்க்கால்காரன் புத்தி சொன்ன மாதிரி. கேட்டவர் 45 என்றால் பதிலும் 45க்குள் இருக்க வேண்டும். அந்தத் தொகைக்குள் சொல்லத் தெரியாவிட்டால், "எனக்கு இந்த விலைச் சாமான் பழக்கமில்லை" என்று சொல்வதில் ஒரு மானக்கேடும் இல்லை.

இங்கிலாந்துப் பழைய பெட்டி சொன்னவர் நல்ல மனசுக்காரராக இருக்கலாம். ஆனால் பழைய பெட்டிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பில் நுரை வளையம் இருக்கும். பதினைந்து, இருபது வருஷத்தில், எங்கள் புழுக்கத்தில் அதற்கும் முன்னமே, அது தொட்டால் உதிர்கிற பொடியாகிவிடும். வளையம் மாற்றத் தெரிந்தவனுக்கு அது சொர்க்கம். உங்களுக்கு அது 45,000 ரூபாவுக்கு ஒரு சோடி மரப்பெட்டி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் அடியில் நம்பர் இருந்ததால் எடுத்துக் கதைத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, சீமெந்துச் சுவர், தரைக்கு டைல், மேலே அஸ்பெஸ்டஸ் ஷீற். பாட்டு வருவது ஃபோனில் இருந்து. இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் நேரம். பக்கத்து அறையில் அம்மம்மா படுப்பார். இவ்வளவையும் அறிய எனக்கு ஆறு நிமிஷம் பிடித்தது.

அம்ப் (சத்தத்தைப் பெருக்குகிற கருவி) உள்ளேயே பூட்டியிருக்கிற சோடிப் பெட்டி வாங்குங்கள். நாலு அங்குலக் கூம்பு அந்த அறைக்குக் காணும். உங்கள் காசுக்குள் அடங்கும், கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுவதில் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷனும், மருதமுனைக் கைத்தறியில் பாரமான திரைச்சீலை ஒன்றும், ஒரு பாயும் வாங்குங்கள். சிரிக்காதீர்கள். வெறும் அறைக்குள் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், "டிர்ர்ர்" என்று இரண்டு சுவருக்கும் நடுவில் ஓடுகிறதா? அந்த டிர்ர்ர் ஒவ்வொரு பாட்டின் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும். திரையைத் தொங்கவிட்டு, பாயை விரித்து, மறுபடி தட்டிப் பாருங்கள். பெட்டி இரண்டையும் ஸ்டூல் போட்டு, இருந்து கேட்கும்போது காது மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி. ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமோ, உங்களுக்கும் அவ்வளவு தூரம். மூலைக்குள் மட்டும் தள்ளாதீர்கள்: மூலை பேஸை, அதாவது அடித்தொனியை, பெருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மம்மா எழும்புவார்.

மாரியில் ஷீற்றில் மழை விழும்போது ஒன்றரை இலட்சத்துச் செற்றும் தோற்கும். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கேள்வி: புதிதாக வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் மாறி மாறிக் கேட்கிறார்கள். பத்து வருஷமாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. என்ன செய்ய?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: சொல்லாமல் இருங்கள். உங்களுக்குத்தான் அது நூறாவது தடவை. கேட்கிறவருக்கு முதல் தடவை. சலிப்போடு சொல்வதைவிடத் தேத்தண்ணி குடிக்கலாம். உங்கள் காசில்.

கேள்வி: என் ராத்தாவின் மகன் புதிதாக ஹோம் தியேட்டர் செற் ஒன்று வாங்கி வந்து, "மாமா, 5,000 வாட்!" என்று காட்டினான். பெட்டியைப் பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. முப்பது வருஷமாக இதில் கிடக்கிறவன் நான். உண்மையைச் சொல்லவா, சும்மா இருக்கவா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: காக்கா, பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிற தகட்டை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதற்குப் பக்கத்தில் அது இழுக்கிற வாட். 60 இருக்கும், மிஞ்சினால் 80. அறுபது இழுக்கிற சாமான் ஐயாயிரம் துப்பாது. ஐயாயிரம் வாட் என்றால் இரண்டு கேத்தலையும் ஓர் இஸ்திரிப்பெட்டியையும் ஒன்றாகப் போட்ட மாதிரி. சதுரப் பின் பிளக் 13 அம்பியர்தான் தாங்கும், 230 ஆல் பெருக்கினால் மூவாயிரத்துக்குக் கிட்ட. அந்த ஐயாயிரம் சுவரில் இருந்து வெளியேயே வராது. பி.எம்.பி.ஓ. என்று பெட்டியில் அச்சடிக்கிற எண்ணுக்கு அளவுமில்லை, நாணயமுமில்லை. ஆர்.எம்.எஸ்., அதாவது செற் தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று போட்டிருப்பதைத்தான் நம்பலாம்.

இதை அவனிடம் இன்றைக்குச் சொல்லாதீர்கள். காசு போய்விட்டது, கடை திருப்பி எடுக்காது. உம்மா பார்த்துக்கொண்டிருக்க, தம்பிமார் சுற்றி நிற்க, புதுச் சாமானோடு நிற்கிற பிள்ளையிடம் "ஏமாந்துவிட்டாய்" என்று சொல்வதால் உங்கள் முப்பது வருஷ அனுபவம் வெளியே தெரியும், வேறொன்றும் நடக்காது. மறுமுறை சாமான் வாங்கும்போது உங்களுக்குக் காட்டாமல் வாங்குவான்.

போய் இருந்து ஒரு பாட்டு முழுதாகக் கேளுங்கள். நான் பந்தயம் கட்டுவேன்: சின்னப் பெட்டி நாலும் அலுமாரிக்கு மேலே கூரையைப் பார்த்தபடி இருக்கும், பெரிய பேஸ் பெட்டி கட்டிலுக்குப் பின்னால் மூலைக்குள் இருக்கும், பேஸ் திருகு முழுதாகத் திருகியிருக்கும். "இதைக் கொஞ்சம் மாற்றிப் பாப்பமா?" என்று கேட்டு, முன்பெட்டி இரண்டையும் காது மட்டத்துக்கு இறக்கி, பேஸைப் பாதிக்குக் குறையுங்கள். பாட்டின் சொல் வெளியே வரும். அவன் முகத்தைப் பாருங்கள். ஆறு மாதத்தில் அவனே வந்து "மாமா, இந்த வாட் எண்டா என்ன?" என்று கேட்பான். தகட்டை அப்போது காட்டலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். அந்தச் செற்றுக்கு வந்த பிளக் உங்கள் வீட்டுச் சொக்கெற்றுக்குப் பொருந்தியிருக்காது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் உருண்டைப் பின் சொக்கெற், புது வீடுகளில் சதுரம், சாமான் வருவது தட்டையான இரண்டு பின்னோடு. பிளக்கை வெட்டி, வயரின் இரண்டு முனையையும் சீவி, நெருப்புக்குச்சி வைத்து இறுக்கியிருந்தால், அங்கே நயமாகப் பேச வேண்டாம். மெயினை நிற்பாட்டிவிட்டு, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, நீங்களே போய் ஒரு பிளக் வாங்கி வந்து பூட்டுங்கள். சத்தத்தில் அவன் விருப்பம். கறண்டில் விருப்பம் கிடையாது.

கேள்வி: நான் பாடசாலை ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து அனுப்புகிறேன். திருத்திக் கேட்க ஒரு ஹெட்போன் வேண்டும். தம்பியைக் கூட்டிக்கொண்டு, இதில் கெட்டிக்காரர் என்று சொல்லப்பட்ட ஒருவரிடம் போனேன். கேள்வி கேட்டது நான். பதில் முழுவதும் தம்பிக்கு. தம்பிக்கு இதில் ஆர்வமேயில்லை, பாவம், தலையாட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் "250 ஓம் எடுங்க, அதுதான் ஸ்டூடியோ தரம்" என்றார். நான் பாவிப்பது ஃபோன். எடுக்கலாமா?
– வாசகி, சம்மாந்துறை

பதில்: எடுக்க வேண்டாம் ரீச்சர். எங்கள் ஊரில் எதற்கும் ஓம் ஓம் என்று தலையாட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதனால்தான் இந்த ஓம் எவ்வளவு கூடினாலும் நல்லது என்று சிலர் நினைத்துவிட்டார்கள் போல. இது மின்சாரத்துக்கு இருக்கிற தடையின் அளவு. ஃபோன் கொடுக்கிற வோல்டேஜ் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. அதே வோல்டேஜில் 250 ஓம் ஹெட்போனுக்குப் போகும் சக்தியைப்போல 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு போகும். 250 ஐ ஃபோனில் செருகினால் சத்தத்தை முழுதாகக் கூட்டியும் அமுங்கித்தான் கேட்கும். பிறகு அதற்கென்று ஒரு அம்ப் வாங்கச் சொல்வார். 32க்குக் கிட்ட, காதை முழுதாக மூடுகிற, வயர் உள்ள ஹெட்போன் எடுங்கள். வயர் இல்லாத புளூடூத்தில் சத்தம் சற்றுப் பிந்தி வரும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது, பதிவை வெட்டி ஒட்டும்போது எரிச்சல் தரும். ஃபோனில் ஹெட்போன் ஓட்டை இல்லாவிட்டால் சார்ஜ் ஓட்டையில் செருகுகிற சின்ன வால் ஒன்று விற்கிறது, அது போதும்.

மணிக்கணக்கில் காதில் போட்டிருப்பீர்கள் என்பதால் இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற எல்லை, கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல். 90 டெசிபலுக்குப் போனால் அது கிழமைக்கு 4 மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். பக்கத்தில் நின்று கூப்பிடுகிறவர் குரல் கேட்க வேண்டும். அதுதான் என் கணக்கு.

தம்பிக்குப் பதில் சொன்ன கதைக்கு நான் வெளியாள் மாதிரி நடிக்க முடியாது. புருஷனும் பெண்சாதியும் கடைக்கு வந்தால் நானும் புருஷன் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்து வந்திருக்கிறேன். எனக்கு இதைச் சுட்டிக் காட்டியவர் என் மகள். அன்றில் இருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: கேட்ட ஆளின் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்வது. உடம்பு திரும்பினால் வாயும் திரும்புகிறது.

கேள்வி: ஸ்பீக்கர் வயரை மீற்றருக்கு ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விற்கிறார்கள். ஆரம்பக்காரருக்கு எதைச் சொல்ல?
– வாசகர், ஏறாவூர்

பதில்: 1.5 சதுர மில்லிமீற்றர் சாதாரணச் செம்பு இரட்டை வயர். ஐந்து மீற்றர் இழுத்தால் போக வரச் சேர்த்து அதன் தடை 0.12 ஓம் அளவு. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது கொசுக்கடி. ஆனால் எங்கள் உப்புக்காற்றில் முனை ஒரு வருஷத்தில் பச்சை பிடிக்கும். வருஷம் ஒருமுறை அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவிப் பூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நாம் எவ்வளவு சொன்னாலும் புதியவர்களுக்கு வித்தியாசம் கேட்பதேயில்லை. காது பழகாதவர்களுக்கு எப்படி விளங்க வைப்பது?
– வாசகர், மட்டக்களப்பு நகர்

பதில்: நானும் உங்களைப்போலத்தான் நினைத்திருந்தேன். ஒரு அம்மா வந்து அதைக் கெடுத்தார்.

எழுபது வயது தாண்டிய மனுஷி. அவரது தகப்பனார் வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயிலில் உடுக்கோடு பாடுகிறவர். அந்தக் குரல் 1980களில் பதிந்த ஒரு கசற்றில் மட்டும்தான் மிச்சம். கசற் ஓடுகிற செற் வீட்டில் இல்லை. என்னிடம் கொண்டு வந்தார். ரெக்கோடர், ஹெட், பெல்ற் எல்லாம் அவருக்கு ஒன்றுதான்: "அந்தச் சாமான்."

எனக்கோ கையும் காலும் ஒரு நிலையில் இல்லை, அவ்வளவு சந்தோஷம். நாடாவில் பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இல்லை. என் கசற் டெக்கில் நாடாவைப் படிக்கிற ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஹெட்டின் சாய்வு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக அசைத்து, 'ஸ'வும் 'ச'வும் தெளிவாக வெட்டி விழும் இடத்தில் நிறுத்தினேன். பாட்டு வந்தது. உடுக்கு கண்ணாடி மாதிரி. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

"நல்லாக் கேக்குதா அம்மா?"

"கேக்குது. ஆனா இது அப்பாட குரல் இல்ல."

"இல்லம்மா, உங்கட கசற்றுத்தான்."

"கசற் அதுதான் மனே. குரல் அவரிட இல்ல. அவரிட தம்பி பாடுற மாதிரிக் கிடக்கு. அவசரமா வேற பாடுறார். அப்பா அவசரப்படமாட்டார்."

பழைய நினைவு, வயது, அழுகை என்று நான் மனசுக்குள் காரணம் அடுக்கினேன். "அந்தக் காலத்துச் செற்றில் அப்படிக் கேட்டிருப்பீங்க, இதுதான் சரியான குரல்" என்றுகூடச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கைப்பையைத் தூக்கினார்.

இரவு நித்திரை வரவில்லை. எழும்பிப் போய், சரியான வேகத்தில் ஓடினால் 3,000 ஹேர்ட்ஸ் ஒலி தருகிற சோதனை நாடாவைப் போட்டு அளந்தேன். மீற்றர் 3,150 காட்டியது. ஐந்து வீதம் கூடுதல் வேகம். சங்கீதக் கணக்கில் அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டிய நாடா ஐந்து சென்ரிமீற்றர் ஓடியிருக்கிறது. முப்பது நிமிஷப் பக்கம் இருபத்தெட்டரை நிமிஷத்தில் முடியும். பாவித்த டெக்காக வாங்கும்போதே யாரோ மோட்டார் மாற்றியிருக்கிறார்கள். நான் அந்த டெக்கில் நாலு வருஷம் பாட்டுக் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் தெரியவில்லை. மோட்டாரின் பின்புறம் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், அதற்குள் இருக்கும் திருகை முடி அளவு திருப்பினால் வேகம் குறையும். திருப்பி, மறுபடி அளந்து, மறுபடி திருப்பி, விடியப்போகும் நேரத்தில் 3,000 இல் நின்றது.

காலையில் அந்த அம்மாவின் ஊரான செங்கலடிக்குப் பஸ் ஏறினேன், டெக்கை மடியில் வைத்துக்கொண்டு. போட்டேன். இரண்டாவது அடியில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து முற்றத்தில் நின்றேன்.

எனவே உங்கள் கேள்விக்கு: அவர்களுக்கு வித்தியாசம் கேட்கிறது. நீங்கள் கேட்கச் சொல்கிற வித்தியாசம்தான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த குரல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் போட்டுவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொண்டு என்ன சொல்கிறார் என்று பாருங்கள். (கசற் வைத்திருக்கிற மற்றவர்களுக்கு: கணினியில் ஏற்றும்போது எம்.பி.3 ஆகச் சுருக்காமல், 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் வேவ் (WAV) கோப்பாக வையுங்கள். நிமிஷத்துக்குப் பத்து மெகாபைற் சொச்சம்; அறுபது நிமிஷக் கசற் 635 மெகாபைற். ஒரு பென் டிரைவில் ஊர்க் கசற் முழுவதும் அடங்கும்.)

கேள்வி: நான் பத்தாம் ஆண்டில் படிக்கிறேன். பாடும் மீன் சத்தத்தை ரெக்கோட் பண்ண ஆசை. எங்கள் ரோட்டில் மைக், அம்ப் எல்லாம் வைத்திருக்கும் அண்ணா ஒருவரிடம் கேட்டேன். அதற்குத் தண்ணீருக்குள் போடுகிற மைக் வேண்டும், இலட்சக்கணக்கில் வரும், அதையெல்லாம் விட்டுவிட்டுப் படி என்றார். உண்மையாகவே முடியாதா?
– மாணவி, கல்லடி

பதில்: படிக்கச் சொன்னது நல்லது. மற்றதை விடு பிள்ளை.

1848 இல் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்கிற வெள்ளைக்காரர், இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர், எங்கள் வாவியில் இரவில் தோணியில் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற ஒலி மாதிரி என்று எழுதிவைத்தார். அவரிடம் மைக் இல்லை, தோணியின் பலகையில் காதை வைத்தார். சத்தம் பெரிதாகக் கேட்டது. தண்ணீருக்குள் பிறக்கிற சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குத் தப்பி வரும், மிச்சம் மேற்பரப்பில் மோதித் திரும்பிவிடும். மரம் அந்தச் சத்தத்தை உள்ளேயிருந்தே வாங்கிக் கொண்டுவருகிறது. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியில் காதை வைத்துக் கேட்கிற எங்கள் தோணிக்காரர் வித்தையும் அதுதான். மீனா பாடுகிறது, ஊரியா (ஓட்டுக்குள் வாழ்கிற சின்ன உயிர்) பாடுகிறது என்ற வழக்கு அப்போதே இருந்தது. ஊரிதான் என்று ஊரார் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே முதல் இரவு ரெக்கோடர் வேண்டாம். துடுப்பும் காதும். சத்தம் எங்கே வருகிறது, எந்த நேரம் வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுது. இரண்டாவது தடவைக்கு, பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் பாடுமே, அந்தப் பித்தளைத் தட்டு ஒன்று கழற்றி வை. பீசோ என்று பெயர். கடையில் விலைக்கு வாங்கினாலும் ஒரு பணிஸ் விலைக்குக் கிட்டத்தான் வரும். அதில் இரண்டு வயர் பற்றி, நகப்பூச்சு மூன்று பூச்சுப் பூசிக் காயவிட்டால் தண்ணீர் போகாது. வயர் நீளம் குறைய இருக்கட்டும், கூடினால் இரைச்சல் வரும். ஈயம் பற்ற என்னிடம் வா. அந்த அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வா, அவரிடம் நல்ல அம்ப் இருக்கிறது என்றாயே, அது தேவைப்படும்.

பறுவத்துக்கு (முழுநிலவுக்கு) கிட்டத்தான் போக வேண்டும், காற்று அடங்கிய பிறகு. பழைய பாலத்தடியில் தோணி வைத்திருக்கிற ஒருவரிடம் கதைத்து வைக்கிறேன். அப்பாவோ அம்மாவோ கட்டாயம் வர வேண்டும். துடுப்பு அவரிடம் இரண்டு கிடக்கு.